தாங்க முடிகிறவரை ஒரு சுரம்

தோஹா விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே இருந்ததைப் பார்த்த அதிகாரி, "வயலின்?" என்றார். "வயோலா" என்றேன். "வயலின்" என்று அவரே தீர்ப்புச் சொல்லிக் கையை அசைத்தார். நாற்பத்தொன்பது வயதில் இதற்கெல்லாம் சண்டை போட முடியாது. என் மாமனாரே இன்றுவரை அதைப் பெரிய பிடில் என்றுதான் சொல்கிறார்.

நான் நாகர்கோவில்காரன். சர்ச்சில் பிடில் கற்று, சென்னைக்கு வந்து, சினிமாப் பாட்டுகளுக்கு ஸ்டூடியோவில் வயோலா வாசித்தே இருபத்தாறு வருடம் ஓட்டியவன். வயோலா என்பது வயலினுக்கு அண்ணன் மாதிரி. உருவம் கொஞ்சம் பெரிது, குரல் கொஞ்சம் தடிப்பு. பாட்டில் அது இருப்பது யாருக்கும் தெரியாது, எடுத்துவிட்டால் மட்டும் ஏதோ குறைகிறதே என்பார்கள். "ஒத்து ஊத வந்துட்டாங்கப்பா" என்று வயலின்காரர்கள் எங்களைக் கேலி செய்வது வழக்கம்.

என் மனைவி லீமா தோஹாவில் நர்ஸ். எட்டு வருடமாக அங்கே இருக்கிறாள். மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில். மூன்று பேர், மூன்று ஊர், மூன்று கட்டில். லீமாவின் ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் இசைப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். பள்ளிக்கு வயோலா ஆசிரியர் தேவை என்று பேச்சுவாக்கில் அவள் சொல்ல, லீமா அன்றைக்கே எனக்குப் போன் செய்துவிட்டாள். நேர்முகத் தேர்வெல்லாம் கிடையாது. அங்குள்ள மூன்று ஆசிரியர்களோடு நான்கு நாள் சேர்ந்து வாசித்துப் பழகவேண்டும். ஐந்தாம் நாள் பள்ளித் தலைவர் முன்னால் நான்கு பேருக்கென்று எழுதிய ஒரு இங்கிலீஷ் குவார்ட்டெட் வாசிக்கவேண்டும். தேறினால் வேலை, குடும்ப விசா, ஒரே கூரை. தேறாவிட்டால் பழைய குருடி கதவைத் திறடி.

வந்த அன்று நஜ்மாவில் இறங்கினேன். பழைய பகுதி. பாதிக் கடைப் பலகைகளை அரபி தெரியாமலே படித்துவிடலாம். நாகர்கோவில்காரர் ஒருவரின் அறையில் ஆறு கட்டில்களில் ஒன்று எனக்கு. லீமாவின் விடுதிக்குள் ஆண்களுக்கு அனுமதியில்லை, என் அறைக்குள் அவள் வரமுடியாது. ஆகவே எட்டு வருடமாகத் தனித்தனியே இருக்கும் கணவனும் மனைவியும் ஒரு மலையாளி ஓட்டலில், திரை போட்ட ஃபேமிலி அறையில், பரிமாறுபவர் திரையை விலக்கும்போதெல்லாம் கையை எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து பேசினோம். கப்பையும் மீனும் சொன்னாள். நம் ஊர் மரச்சீனிக் கிழங்குதான். ஆனால் குழம்பில் குடம்புளி தூக்கலாக இருந்தது.

"மெலிஞ்சு போயிருக்கீங்க" என்றாள்.

"நீயும்தான்."

"எனக்கு நைட் டூட்டி. ஒங்களுக்கு என்ன கேடு?" என்று சிரித்தாள். பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்தி, "இது கிடைச்சிரும் இல்லியா?" என்றாள். கிடைச்சிரும் என்றேன். வயோலாவுக்கென்று எழுதிய என் பார்ட்டை மூன்று வாரம், தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்து உருப்போட்டிருந்தேன். ஒரு சுரம் பிசகாது. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன்.

மறுநாள் பள்ளிக்குப் போக மெட்ரோ. முதலில் வந்த கதவில் ஏறி, பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தேன். ஒரு ஊழியர் வந்து, "ஃபேமிலி சார், ஃபேமிலி" என்று மரியாதையாக எழுப்பிவிட்டார். தனி ஆண்கள் அந்தப் பகுதியில் உட்காரக் கூடாதாம். எனக்கும் ஃபேமிலி இருக்கிறது ஐயா, டூட்டியில் இருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. அடுத்த பகுதிக்குப் போய் நின்றுகொண்டே போனேன்.

பள்ளி வாசலில் அந்த யாழ்ப்பாணத்துப் பெண், சுகந்தி, காத்திருந்தாள். "வாங்கோ அண்ணை, பயணம் சுகமோ? லீமா அக்கா உங்களைப் பற்றி நிறையக் கதைச்சவ. பயப்பிடாதேங்கோ, ஹெலன் மிஸ் கொஞ்சம் இறுக்கம்தான், ஆனா நல்ல மனுசி" என்று மாடிக்கு அழைத்துப் போனாள். ஹெலன் இங்கிலாந்துக்காரர், அறுபது இருக்கும், முதல் வயலின். செல்லோ வாசிப்பவர் நாடியா என்ற எகிப்துப் பெண். இரண்டாம் வயலின் ஒரு பிலிப்பைன்ஸ்காரர், எதைச் சொன்னாலும் தலையாட்டிப் புன்னகைப்பார்.

நான்கு நாற்காலிகள் பிறை மாதிரி போட்டிருந்தன. உட்கார்ந்தேன். பெட்டியிலிருந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, அதன் வயரைச் சொருக இடம் தேடினேன். நாற்காலிக்குக் கீழே பார்த்தேன், சுவரில் பார்த்தேன். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கிளிக் எங்கே வருகிறது?" என்று கேட்டேன்.

ஸ்டூடியோவில் எல்லாருடைய காதிலும் டிக் டிக் என்று ஒரு சத்தம் ஓடும். அதற்குத்தான் வாசிப்போம். பக்கத்தில் இருப்பவன் என்ன வாசிக்கிறான் என்று கேட்கக்கூட மாட்டோம், கேட்டால் தாளம் தவறும். ஆரம்பிக்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் கை காட்டுவார், நிறுத்தவும் அவரே. இருபத்தாறு வருடம் இப்படி. நான் விளையாடவில்லை என்று ஹெலனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "இங்கே கிளிக் இல்லை. நாம் நால்வரும்தான்" என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். அவர் சொன்னது இதைவிட மென்மையாக இருந்தது.

அந்த குவார்ட்டெட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எழுதியவர் பெரிய பெயரில்லை. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே ஏதோ ஒரு ஊர்ச் சர்ச்சில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவர், வயோலாவும் வாசிப்பாராம். வெள்ளைக்கார சங்கீதம் என்றால் இடியும் மின்னலுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இதில் ஒருவரும் குரலை உயர்த்துவதில்லை. மழை விடாத ஊரில் நான்கு பேர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேசுவதுபோல் இருக்கிறது. ஒருவர் ஒரு மெட்டை ஆரம்பிப்பார், தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் பாதியில் அடுத்தவரிடம் தந்துவிடுவார். நடுவில் ஒரு வேகமான நடனம் வரும். அதிலும் தந்திகளின் குரலை அடக்கும் ம்யூட்டைப் போட்டுக்கொண்டுதான் ஆடவேண்டும், பக்கத்து வீட்டில் யாரோ நோயாளி தூங்குவதுபோல.

மூன்றாம் பகுதியைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது ஞானப்பாட்டு. அச்சு அசலாக எங்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று பாடும் இங்கிலீஷ் மெட்டுப் போன்றது. ஆனால் ஒவ்வொரு முறையும் கடைசி அடி முடியாது. ஆமென் விழவேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் வந்து, வேறு பக்கம் திரும்பிவிடும். மூன்று தடவை, நான்கு தடவை. தனியாக என் பார்ட்டை மட்டும் வாசித்த மூன்று வாரத்தில் இதில் எதுவுமே எனக்குத் தெரியாமல் போயிருந்தது. நான் உருப்போட்டது நான்கு வரிகளில் ஒரு வரியை மட்டும்தான்.

அன்று ஓர் இடத்தில் சுரம் தவறியது. பழக்கத்தில் வில்லைத் தந்தியிலிருந்து லேசாகத் தூக்கிவிட்டேன். ஸ்டூடியோவில் எட்டு வயோலா இருக்கும், ஒருவன் வில்லைத் தூக்கிவிட்டால் மற்ற ஏழு பேர் மூடிவிடுவார்கள், மைக்குக்குத் தெரியாது. இங்கே நடுவில் பொத்தென்று ஒரு பள்ளம் விழுந்தது. ஹெலன் நிறுத்தினார். "எங்கே போனீர்கள்?" என்று கேட்டார். கோபமில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். தப்பாக வாசித்துவிட்டேன், அதனால்தான் என்றேன். "தப்பாக வாசியுங்கள். ஆனால் இருங்கள்" என்றார்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் போகலாம் என்று முட்டாள்தனமாக முடிவு செய்தேன். ஏறியபிறகுதான் காசு வாங்கமாட்டார்கள் என்று தெரிந்தது. "கேஷ் மாஃபி பாய், கார்டு, கார்டு" என்றார் டிரைவர். பின்னாலிருந்து கம்பெனி உடுப்புப் போட்ட ஒருவர் கையை நீட்டித் தன் கார்டைத் தட்டிவிட்டு, "வாங்கண்ணே, உக்காருங்க" என்றார். அரியலூர் பக்கம், சவூதியில் ஜுபைலில் ஆறு வருடம் இருந்துவிட்டு இப்போது இங்கே சைட்டில் கம்பி கட்டுகிறார். பெட்டியில் என்ன என்று கேட்டார். சொன்னேன். "எங்க சித்தப்பா ஒத்து ஊதுவாருண்ணே. கோயில் திருவிழான்னா மூணு மணி நேரம், ஒரே சுரம். வாயே வீங்கிரும்" என்றார்.

"எப்ப நிறுத்தணும்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அவரு எங்க நிறுத்துறது? நாயனக்காரரு நிறுத்துனா இவரும் நிறுத்துவாரு. அதான அவரு வேலை" என்றார். அவருக்குக் கார்டுக் காசைக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. அவர் இறங்கும் இடம்வரை லீவு கிடைக்காத கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்தக் கேள்வியைக் காரணத்தோடுதான் கேட்டேன். குவார்ட்டெட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வினை இருந்தது. முதல் வயலின் நின்றுவிடும், பிறகு இரண்டாவது, பிறகு செல்லோ. வயோலா மட்டும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சுரத்துக்கு மேல், நீட்டிப் பிடி என்பதற்கான வளைவும் புள்ளியும். அதன்கீழ் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: தாங்க முடிகிறவரை. நான் ஒவ்வொரு முறையும் எட்டு எண்ணி நிறுத்தினேன். "ஏன் அங்கே?" என்றார் ஹெலன். எட்டு என்றேன். "எட்டு என்று யார் சொன்னது?" என்று நாடியா கேட்டாள். யாரும் சொல்லவில்லை. நானேதான்.

"நீங்கள் தலையசையுங்கள், நான் நிறுத்திவிடுகிறேன்" என்று ஹெலனிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் மாட்டேன் என்றுவிட்டார். "அந்த இடத்தில் நாங்கள் யாரும் இல்லை. உங்களுக்குத்தான் தெரியவேண்டும்." பிறகு என்ன நினைத்தாரோ, "மற்றதெல்லாம் நன்றாக வந்துவிட்டது. நான் கேட்பது இது ஒன்றைத்தான்" என்றார்.

நான்காம் நாள் மத்தியானம் லீமா என்னை ஓர் அறை பார்க்க அழைத்துப் போனாள். நஜ்மாவிலேயே பழைய வில்லா ஒன்றைப் பலகை வைத்துத் தடுத்துப் பிரித்த அறை. ஒரு மூலையில் அடுப்பு மேடை, ஒரு ஜன்னல், அதற்கு வெளியே ஏசியின் பின்புறம். லீமா கைச்சாணால் சுவரை அளந்தாள். "இஞ்ச கட்டிலு. இஞ்ச ஒங்க நோட்டு ஸ்டாண்டு. பிள்ள லீவுக்கு வந்தா கீழ பாய விரிச்சிரலாம்" என்றாள். வீட்டுக்காரரின் ஆள் வாசலில் நின்று, "ஜல்தி சிஸ்டர்" என்றான். அவள் கேட்கவில்லை, ஜன்னலைத் திறந்து பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள். எட்டு வருடத்தில் அவள் முகத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் போனில் பார்த்ததே இல்லை. அன்று மாலை முழுவதும் கழிவறையில் நின்று அந்த ஒரு சுரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். அறைக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை, டி.வி.யை மட்டும் சத்தமாக வைத்தார்கள்.

ஐந்தாம் நாள். சிறிய அரங்கு, ஏறக்குறைய முப்பது பேர், பெரும்பாலும் பெற்றோர்கள். முன்வரிசையில் பள்ளித் தலைவர், மடியில் தாளும் பேனாவும். லீமா டூட்டி மாற்றிக்கொண்டு வந்து, கடைசி வரிசையில் சுகந்தியோடு உட்கார்ந்திருந்தாள். பச்சைப் புடவை.

நன்றாகத்தான் வாசித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்று பேர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே நானும் வாசித்தேன். நடனத்தில் நாடியா கொஞ்சம் ஓடினாள், நானும் ஓடினேன், யாரும் சொல்லாமலே இரண்டு பேரும் சேர்ந்து நின்றோம். ஞானப்பாட்டு வந்தபோது கண் கலங்கிவிட்டது. இந்த வயதில் இப்படி ஒன்று கிடைக்கிறதே, இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் கேட்காமல் விட்டேனே என்று இருந்தது. ஒரு சுரம் தவறியது. வில்லைத் தூக்கவில்லை.

கடைசிப் பக்கம். ஹெலன் வில்லை இறக்கினார். பிலிப்பைன்ஸ்காரர் இறக்கினார். நாடியா இறக்கினாள். நான் மட்டும். நான்கு, ஐந்து, ஆறு. எட்டைத் தாண்டினேன். வில் முனைக்கு வந்ததும் சத்தம் உடையாமல் திருப்பினேன். அரங்கில் மூச்சுச் சத்தம் இல்லை. நிறுத்தவேண்டும் என்று தோன்றவில்லை, நிறுத்தக்கூடாது என்றும் தோன்றவில்லை, எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஹெலனைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். நாடியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது ஒருவர் ஏதாவது செய்யுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அப்போது முன்வரிசையில் பள்ளித் தலைவர் இருமினார்.

நிறுத்திவிட்டேன்.

கத்தரித்ததுபோல். அவருக்குத் தொண்டையில் ஏதோ கரகரப்பு, அவ்வளவுதான். நான் அதைக் கை காட்டியதாக எடுத்துக்கொண்டேன். கை தட்டினார்கள். ஹெலன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தபோதே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

ஒரு மணி நேரத்தில் சுகந்தி வந்து சொன்னாள். "என்ன செய்யிறது அண்ணை... எனக்கே சொல்ல வாய் வருகுதில்லை" என்றாள். ஹெலன் தாமே வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கள் கை நல்ல கை. ஆனால் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுக்கச் சொல்வது அந்தக் கடைசிச் சுரத்தைத்தான்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குறை சொல்ல முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதே ஓட்டல், அதே திரை. லீமா டீயைத் தொடவில்லை. நான் இருமல் கதையை வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டு வருஷத்துக்குக் காண்ட்ராக்ட் நீட்டுதாங்க. நாளைக்குக் கையெழுத்துப் போடப் போறேன்" என்றாள்.

"கொஞ்ச நாள் பொறு. வேற ஏதாவது வேலை வராமலா போயிரும்?"

"வந்தா, அதையும் நான்தான் பாத்துச் சொல்லணும்." கோபமாகச் சொல்லவில்லை. நோயாளியிடம் ரிப்போர்ட் சொல்வதுபோல் சொன்னாள். "எட்டு வருஷத்துல ஒரு தடவையாவது, லீமா, நான் அங்க வாறேன், எந்த வேலையானாலும் பாக்குதேன்னு சொல்லியிருக்கீங்களா?"

"நீ கூப்பிடலியே" என்றேன்.

வாயிலிருந்து வந்தபிறகுதான் அது என் காதில் விழுந்தது. லீமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிமாறுபவர் திரையை விலக்கி வேறேதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

"ஆமா, கூப்பிடல" என்றாள். "நீங்களா வருவீங்கன்னு இருந்தேன்."

அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. சம்பளம் வந்ததும் மகளுக்குக் கண்ணாடி மாற்றவேண்டும் என்றாள். ஊரில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைப் பார்க்கச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன்.

மறுநாள் காலை விமான நிலையத்துக்கு அவளும் வந்தாள். டாக்ஸி ஓட்டியவர் சிவகங்கைக்காரர், ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தார். இருபது நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

உள்ளே போகும் வாசலில் நின்றோம். இதற்குமேல் பயணிகள் மட்டும். வயோலாப் பெட்டி தோளில், பை கையில். போயிட்டு வாங்க என்று அவள் சொல்வாள், சொன்னதும் போகலாம் என்று நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றாள். பின்னால் வரிசை சேர்ந்தது. ஒரு குடும்பம் எங்களைச் சுற்றிக்கொண்டு தள்ளுவண்டியை உருட்டிப் போனது. நான் இன்னும் நின்றேன். திரும்பி அவளோடு வெளியே நடந்திருக்கலாம், எந்த வேலையானாலும் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். விசாவில் இன்னும் பல நாள் மிச்சம் இருந்தது. அவள் உதடு அசைகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யல்லா, யல்லா" என்று உள்ளே போகக் கை காட்டினார் வாசல் காவலர்.

உள்ளே போனேன்.